மதகுருமார் சீட்

வியாழக்கிழமை, இரவு

இன்றும் இரத்தினபுரி ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்றினார்கள். புற்றுநோயைவிட இந்த மருந்துதான் ஆளைப் போட்டு வதைக்கிறது. குளிர் தாங்காமல் மகளின் காவிநிறச் சால்வையை உடம்பு முழுக்கச் சுற்றிக்கொண்டு பஸ் ஏறினேன். முடி கொட்டிய தலை அப்படியே தெரிந்தது. மறைக்கத் தெம்பில்லை.

பஸ்ஸில் நிற்கவே இடமில்லை. கண்டக்டர் என்னைப் பார்த்ததும், முன்னால் மதகுருமாருக்கென்று ஒதுக்கிய சீட்டில் இருந்தவனை எழுப்பிவிட்டான். "வாடிவென்ன மேணியோ" என்று சிங்களத்தில் பணிவாக உட்காரச் சொன்னான். என்னைப் புத்த பிக்குணி என்று நினைத்துவிட்டான். இல்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். கால் கேட்கவில்லை, உட்கார்ந்துவிட்டேன். பக்கத்தில் நின்ற பெண் கும்பிடவும் செய்தாள். திருநீறு பூசுகிற எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

பெல்மதுளையில் எங்கள் தோட்டத்து லயத்தில் அடுத்த வீட்டுச் செல்வி ஏறினாள். ஏறியதும் ஏறாததுமாக, "அடியாத்தி, பார்வதியக்கா! இன்னைக்கும் மருந்து ஏத்துனாங்களா? வாந்தி எடுக்குதா?" என்று கத்தினாள். அவள் வாயை என்ன செய்வது! பஸ்ஸே திரும்பி என்னைப் பார்த்தது. பதறி எழுந்தேன்.

கண்டக்டர் கம்பியைப் பிடித்துக் குனிந்து, தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னான்: "இருங்க அம்மே. முடி வந்த பொறகு எழும்பினா போதும்."

அந்தப் பிள்ளை நன்றாக இருக்க வேண்டும்.

படுக்குமுன் தலையைத் தடவிப் பார்த்தேன். இன்னும் ஒன்றும் முளைக்கவில்லை. பரவாயில்லை, சீட் இருக்கிறது.