மிஸ் ஹார்டன் சொல்லிவிட்டுப் போனது

பவானிபூர், 1909 ஜூலை 12

விடாத மழை. தெருவில் முழங்கால் தண்ணீர். ஆத்துக்காரர் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஆபீஸ் போனார். இன்றைக்கும் அவரிடம் இங்கிலீஷ் பாடம் இல்லை. தனித்தனி வார்த்தையாகக் கொஞ்சம் தெரியும். அதற்கு மேல் எப்போது?

ஜூலை 15

என்ன நாள்! மாடியில் குடியிருக்கும் வங்காளி அக்கா, நீரதா தீதிக்குக் காலையிலேயே வலி கண்டுவிட்டது. வேலைக்காரி மோக்ஷதா ஓடிப்போய் மிஷன் நர்ஸ் மிஸ் ஹார்டனை அழைத்து வந்தாள். இன்னும் நேரம் இருக்கிறதாம். அடுத்த சந்தில் வேறொருத்தி தவிக்கிறாளாம். கிளம்பும்போது என் தோளைத் தொட்டு, "ஐ ஆம் கவுண்ட்டிங் ஆன் யூ" என்றாள். போய்விட்டாள்.

கவுண்ட் என்றால் எண்ணு. யூ என்றால் நீ. சரி — எதை எண்ணுவது? வலியைத்தானே?

ஒரு வலி விட்டதும் தீதியின் கையைப் பிடித்துக்கொண்டு, அடுத்தது வரும்வரை எண்ணினேன். அவளும் கூடவே தமிழில் "ஒண்ணு, ரெண்டு, முனு" என்றாள். மூணு 'முனு' ஆனதற்கு இரண்டு பேரும் சிரித்தோம். முதலில் நூறு தாண்டிற்று. அப்புறம் ஐம்பது. அப்புறம் இருபதுகூட இல்லை. "மோக்ஷதா, ஓடு! மிஸ்ஸைக் கூப்பிடு!"

மிஸ் சொட்டச் சொட்ட வந்து சேர்ந்தாள். சற்றைக்கெல்லாம் பையன் பிறந்தான். கழுத்தில் கொடி சுற்றியிருந்தது, லாவகமாக எடுத்துவிட்டாள். ஐயோ, அவள் வரத் தாமதமாகியிருந்தால்?

சரியான சமயத்தில் எப்படி ஆள் அனுப்பினாய் என்று கேட்டாள். "நீங்கள்தானே எண்ணச் சொன்னீர்கள்?" என்றேன், எனக்குத் தெரிந்த வங்காளத்தில். அவள் சிரித்த சிரிப்பில் குழந்தை விழித்துக்கொண்டது.

ஜூலை 16

ஏன் சிரித்தாள்? ஆத்துக்காரரைக் கேட்டேன். "அசடே, எண்ணச் சொல்லலைடி. உன்னைத்தான் நம்பியிருக்கேன்னு அர்த்தம்."

கவுண்ட் தனியாக நின்றால் எண்ணுவது. 'ஆன்' வந்து ஒட்டிக்கொண்டால் நம்புவதாம்! இந்த பாஷையை என்ன செய்ய? ஆனால் ஒன்று — அப்போதே புரிந்திருந்தால் எனக்குக் கையும் ஓடியிருக்காது, காலும் ஓடியிருக்காது.

ஆகஸ்ட் 29

மிஸ் ஹார்டன் வந்திருந்தாள். கப்பல் துறைப் பக்கம் கிதிர்பூரில் தமிழ்ப் பெண்கள் பாஷை தெரியாமல் பிரசவத்தில் தவிக்கிறார்களாம். கூட வருகிறாயா என்றாள். போகணும். போயே ஆகணும்.

ஆத்துக்காரர் மூஞ்சியைத் தூக்கிக்கொண்டார். "நீ போயிட்டா யாரு சமைக்கறது?"

கதவுக்குப் பின்னால் நின்றிருந்த தீதி குழந்தையை என் கையில் கொடுத்தாள். "போகலாமான்னு உன் வீட்டுக்காரர் இவனையே கேக்கட்டும்" என்றாள், அவர் காதில் விழும்படி.

செப்டம்பர் 9

கிதிர்பூரிலிருந்து திரும்பச் சாயங்காலமாகிவிட்டது. பெண் குழந்தை, தாயும் சௌக்கியம். ஸ்நானம் செய்துவிட்டு இலை முன் உட்கார்ந்தேன். சாதம் குழைந்திருந்தது. ரசத்தில் உப்பில்லை. "எப்படி இருக்கு?" என்று அவர் இரண்டு தரம் கேட்டார். இன்னொரு கரண்டி ஊற்றச் சொன்னேன்.