பிடியரிசி டப்பாவில் சாமை

அன்புக் கண்ணு அருணாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே உன் அம்மாவின் காலைத் தவிர மற்றதெல்லாம் சுகம். கர்த்தரின் கிருபையால் என்று சேர்க்கச் சொன்னாள், சேர்த்துவிட்டேன். குவாஹாட்டியில் நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா என்பதை மழுப்பாமல் எழுது. போனில் பேசினால் உன் அம்மா கட்டிலில் படுத்தபடியே ஒட்டுக்கேட்கிறாள், அதனால்தான் இந்தக் கடிதம். ஆண்டவர் நம் வீட்டில் தினமும் நடமாடுகிறார், கவனிக்கிறீர்களா அப்பா என்று போன தடவை கேட்டிருந்தாய். கவனித்தேன். யாரோ நடமாடியது உண்மை.

மிளகு பறிக்க ஏறிய ஏணியிலிருந்து விழுந்து அம்மா மாவுக்கட்டோடு படுத்து ஐந்து வாரம் ஆகிறது, சமையல் என் தலையில். உலை வைக்கும்போதெல்லாம் சபைக்கென்று ஒரு பிடி அரிசி எடுத்து டப்பாவில் போடுவாளே, அதை நான் செய்யவில்லை. நம்பாத காரியத்தை நடித்துச் செய்ய எனக்கு வராது. இருந்தும் போன வாரம் டப்பாவை நகர்த்தினால் கனக்கிறது, அடியில் கிடந்த அரிசி கழுத்து வரைக்கும் ஏறியிருக்கிறது. உன் அம்மாவோ நான்தான் போடுகிறேன் என்று நினைத்து, பார்க்க வந்த பாஸ்டரிடம் அழுது ஸ்தோத்திரம் சொல்லிவிட்டாள். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, அறுப்பின் பண்டிகையில நீங்க எந்திரிச்சு சாட்சி சொல்லோணும் என்கிறார். மூன்று வருடமாகச் சபை வாசலை மிதிக்காதவன் நான். போட்டேன் என்றால் பொய், போடவில்லை என்றால் படுத்துக் கிடப்பவளின் சந்தோஷம் போய்விடும். முதலில் பாஸ்டர் மேலேயே சந்தேகப்பட்டேன், என்னை இழுக்க அவரே கொட்டுகிறாரோ என்று. பிறகு உன் அம்மா மேல். கட்டோடு எழுந்து நடக்கிறாளோ என்று ராத்திரி கட்டிலடியில் ராகி மாவைத் தூவி வைத்தேன். விடிந்து பார்த்தால் என் காலடிதான் பதிந்திருந்தது, கூட்டிப் பெருக்கியதும் நான்தான்.

மோட்டார் ஓடாவிட்டால் வானத்தைப் பார்த்துக் கும்பிடாமல் ஒயரைப் பிரித்துப் பார்க்கிறவன் நான். டப்பாவை முறத்தில் கொட்டினேன். அரிசிக்கு நடுவே அங்கங்கே சாமை. இந்த வருடம் நம் வீட்டில் சாமை கிடையாது, நம் வரிசையில் விதைத்தது மேல்வீட்டுப் பொன்னம்மாள் மட்டும்தான். நம் வரிசைக்கு நான் தண்ணீர் திறந்துவிடும் முறையில், தன் குழாய்க்கு ஏறவில்லை என்று என்னோடு சண்டை போட்டு சித்திரையிலிருந்து பேச்சில்லை. நான் மோட்டார் ரூமுக்குப் போன பிறகு வந்து அம்மாவைக் குளிப்பாட்டிவிட்டு, நான் திரும்புவதற்குள் போய்விடுவாள். அவள் கும்பிடுகிற சாமி வேறு, நம் சபை அரிசியில் அவளுக்கு என்ன வேலை, வால்வைத் திறக்க வைக்கும் தந்திரம்தான் என்று முடிவுகட்டி மறுநாள் பாதியில் திரும்பிவந்து அவளை வாசலில் நிறுத்தி நேராகவே கேட்டுவிட்டேன். ஏனுங்க, ஆளைப் பாத்தாலும் உங்களுக்கு லீக்கேஜுதான் தெரியுமா என்றாள். பொம்பள படுத்துட்டா சாமிக்கு எடுத்து வெக்கறது நின்னு போலாமுங்களா, எங்கூட்டுல ஒலை வெக்கறப்ப அவளுக்கும் சேத்து ஒரு பிடி எடுத்தேன், சாமை ஆக்குன அன்னிக்கு சாமை, அது உங்க சாமிக்கு எறங்காதோ என்று கேட்டுவிட்டு, அவகிட்டச் சொல்லீறாதீங்க, நீங்க போடறீங்கன்னு மனசு குளுந்து கெடக்கறா என்றாள். அவள் குழாயைப் போய்ப் பார்த்தேன். தண்ணீர் நிஜமாகவே ஏறவில்லை, வால்வை நான்தான் தப்பாக மாட்டியிருக்கிறேன். சரிசெய்துவிட்டேன்.

மறைக்க எனக்குத் தெரியாது, அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அழுவாள் என்று பார்த்தால் கட்டில் ஆடும்படி சிரிக்கிறாள். பொன்னம்மாளா, அப்ப நான் சொன்ன ஸ்தோத்திரம் சரிதாங்க, ஆளுதான் மாறிப்போச்சு என்கிறாள். ஞாயிற்றுக்கிழமை பண்டிகையில் எழுந்து நின்று உள்ளதை உள்ளபடி சொல்லப்போகிறேன், பொன்னம்மாளையும் வரச் சொல்லியிருக்கிறேன். இதை நீ அவருடைய நடமாட்டம் என்பாய். நான் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை, மறுக்கவும் சரியான காரணம் கிடைக்கவில்லை.

இரும்புச்சத்து மாத்திரையை நிறுத்தாதே, ஈரத் தலையோடு டியூட்டிக்குப் போகாதே. உன் அம்மாவின் ஜெபமும் என் ஆசியும் உன்னோடு இருக்கட்டும், சாமி.

இப்படிக்கு,
உன் அப்பா குணசேகரன்

இன்று சாயங்காலம் உலை வைக்கும்போது கை தானாக ஒரு பிடி எடுத்துவிட்டது. ஏன் என்று இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.