மஞ்சள் தடவிய இன்லேண்டு

அண்ணே,

உன் டிரங்குப் பெட்டி போன வாரம் வந்து சேர்ந்தது. பட்டாளத்து ஆள் ஒருவர் கூடத்தில் இறக்கி வைத்து, அப்பாவிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். திறந்ததும் பூட்ஸ் பாலிஷ் வாடை அடுப்படி வரைக்கும் அடித்தது. அம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு பெட்டிப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். உள்ளே பார்க்கவும் மாட்டேன் என்கிறாள், எழுந்து போகவும் மாட்டேன் என்கிறாள். கடைசியில் நான்தான் கையை விட வேண்டியிருந்தது. உன் விஷயத்தில் எந்த வேலை என் தலையில் விழாமல் இருந்திருக்கிறது?

நீ பயிற்சிக்குப் போன நாளிலிருந்து இந்த வீட்டுக்கு நான் சம்பளமில்லாத குமாஸ்தா. வாரம் ஒரு இன்லேண்டு கடுதாசி. அதில் பாதி அம்மாவுக்கு. "வயித்துக்குச் சாப்பிடுறானான்னு கேளு. துப்பாக்கியத் தள்ளி வச்சுட்டுத் தூங்கச் சொல்லு." அடுத்து அப்பா, தாசில்தாருக்கு மனுப் போடுவது மாதிரி நிறுத்தி நிறுத்திச் சொல்வார். அதற்குள் உன் கூட்டாளி பாண்டி சைக்கிளை வாசலில் சாய்த்துவிட்டு வந்துவிடுவான். "தங்கச்சி, மாப்ளைக்கு எழுது. வாரப்ப எனக்கொரு பட்டாளத்து பூட்ஸ். எட்டாம் நம்பர்." எனக்கு மிஞ்சுவது கோந்து மடிப்பு ஓரம். பிரிக்கும்போது கிழிவதும் அதுதான். நான் எழுதியதில் பாதியை நீ படித்தே இருக்க மாட்டாய் என்று வாராவாரம் எரிச்சல்படுவேன்.

அம்புட்டுக்கும் உன் பதில் மூன்று வரி. நலம், நலமறிய ஆவல், பரேடு இருக்கிறது. அது கடுதாசியா? கடுகுதாசி. அதையும் எழுதிக் கேட்டேன். "நீ பேசுறதுக்கு நடுவுல நான் மூச்சு விடுறதே பெருசு" என்று எழுதினாய்.

அந்தக் கடுப்பில்தான் செய்தேன். நல்ல சேதிக்கு மூலையில் மஞ்சள், சாவுச் சேதிக்குக் கறுப்பு. ஒரு இன்லேண்டின் நாலு மூலையிலும் மஞ்சளைத் தடவி, "அழகர்கோவில் மாமா மகள் செல்விக்கு நிச்சயம் ஆகிவிட்டது. மாப்பிள்ளை பேங்கு உத்தியோகம். நீ லீவு போட வேண்டாம், பரேடு முக்கியம்" என்று எழுதிப் போட்டேன். செல்வி பெயரைக் கேட்டால் உன் காது சிவப்பது எனக்கு மட்டும்தான் தெரியும். நாலு பக்கத்துக்குத் திட்டி எழுதுவாய் என்று காத்திருந்தேன்.

நீ எழுதவில்லை. அதற்குள் பங்களாதேஷ் சண்டை தொடங்கிவிட்டது. அப்பா ரேடியோவை விட்டு நகரவில்லை. "பயிற்சிப் பசங்கள அனுப்ப மாட்டாங்க" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வார். அம்மா தபால்காரரைத் தெருமுனையிலேயே மறிப்பாள். "ஏன்டி எழுத மாட்டேங்குறான்?" என்று என்னைத்தான் கேட்பாள். காரணம் தெரிந்த ஒரே ஆள் நான், வாயைத் திறக்க முடியவில்லை. யாருக்கும் இடம் கொடுக்காமல் ஒரு முழு இன்லேண்டு உனக்கு எழுதினேன். அது பொய்யண்ணே, செல்வி உன்னைத்தான் விசாரிக்கிறாள், மன்னிச்சிரு, ஒரே ஒரு வரி எழுது.

அதற்கும் பதில் இல்லை. சண்டை முடிந்தது. அம்மா மாரியம்மனுக்குப் பொங்கல் வைத்தாள். பாண்டி தெருவுக்கே மிட்டாய் கொடுத்தான். மறு வாரம் தந்தி வந்தது. காய்ச்சலாம். சண்டைக்கே போகாத ஆள், அம்புட்டு குண்டும் ஓய்ந்த பிறகு, காய்ச்சலில். உனக்கு எதையுமே முறையாகச் செய்ய வராதா? அப்பாவும் பாண்டியும் ரயிலேறிப் போய்ச் சாம்பலாகத்தான் உன்னைக் கொண்டுவந்தார்கள். எல்லாரும் அழுதார்கள். எனக்கு அழுகையோடு அந்த மஞ்சளும் சேர்ந்து அரித்தது. அதை நம்பிக்கொண்டே போய்விட்டாயோ என்று.

பெட்டிக்குள் அடியில் எங்கள் கடுதாசிகளைப் பூட்ஸ் கயிற்றால் கட்டி வைத்திருந்தாய். ஒவ்வொன்றையும் பிளேடால் அறுத்துப் பிரித்திருக்கிறாய். கோந்து மடிப்பில் என் வரி ஒன்றுகூடக் கிழியவில்லை. மஞ்சள் தடவியது இருந்தது. அதற்குக் கீழே என் மன்னிப்புக் கடுதாசி, அதுவும் பிரித்திருந்தது. அதற்கும் கீழே என் பெயர் எழுதி ஒட்டாத ஒரு இன்லேண்டு. நாலு மூலையிலும் கறுப்பு.

யாருக்கு என்று பார்க்க முகத்துக்குக் கிட்டே கொண்டுபோனேன். அப்புறம்தான் வாடை தெரிந்தது. பூட்ஸ் பாலிஷ்.

"வாயாடி, நீ மஞ்சள் வச்சா நான் கறுப்பு வைப்பேன். பயந்தியா? ரெண்டு வாரம் எனக்குச் சோறு இறங்கல. உனக்கு ஒரு நாளாவது இறங்காம இருக்கட்டும். அதோட சரி, பழி தீந்துச்சு." கீழே பென்சிலில், "இது அம்மா கையில சிக்கினா என்னாகும்னு இப்பத்தான் தோணுது. தபால்ல போடல. நேர்ல தாரேன்."

எண்ணிப் பார்த்தேன். மூன்று வரிக்கு மேல் எழுதத் தெரிந்த ஆள்தான் நீ.

"என்னடி அது?" என்றாள் அம்மா. "பாலிஷ் துடைச்ச பேப்பரும்மா" என்றேன்.

கறுப்பு வைத்த கடுதாசியைப் படித்த கையோடு கிழித்துப் போட வேண்டும், வீட்டுக்குள் வைக்கக் கூடாது. நான் ஜாமெட்ரி பாக்ஸுக்குள் வைத்திருக்கிறேன். காம்பஸ், ஸ்கேல், ரப்பர் எல்லாம் உன் பூட்ஸ் வாடை. கணக்குப் பீரியடில் பக்கத்துப் பிள்ளை மூக்கைப் பிடித்துக்கொண்டு, "என்னடி வச்சிருக்க?" என்கிறாள்.

"எங்கண்ணன் கடுதாசி. தபால்ல வரல" என்றேன்.