வட்டம் போட்ட இருபத்தேழு

மச்சான்,

உன் மகள் செல்வி கூடலூரிலிருந்து போட்ட கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. பண்டாரவளைத் தபால் கந்தோரில் வாங்கி, வாசல் படியிலேயே நின்று பிரித்தேன். நீ கண்ணை மூடிய செய்தி ஐப்பசியிலேயே தந்தியில் வந்துவிட்டது. அழ வேண்டியதை அழுது, உன்னைத் திட்ட வேண்டியதையும் திட்டி முடித்துவிட்டேன் என்றுதான் நினைத்திருந்தேன். கடிதத்தின் நடுவில் சிவப்பு மையால் ஒரு வட்டம் வரைந்து, அதற்குள் 27 என்று எழுதியிருந்தாள். படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். பின்னால் வந்த ஒரு அம்மா, "என்னங்கய்யா, மயக்கமா வருதா?" என்று கேட்டு முந்தானையால் விசிறினார்.

"மாமா, பொங்கலுக்கு வீட்டுக்கு வெள்ளை அடிக்கப் போகிறோம்" என்று எழுதியிருந்தாள். "வாசல் கதவுக்குப் பக்கத்தில் அப்பா இங்கே வந்த வருடமே சிவப்புப் பெயிண்டில் இந்த நம்பரை எழுதி வைத்தார். வருடா வருடம் அதை மட்டும் விட்டுவிட்டுச் சுற்றித்தான் வெள்ளை அடிப்பார். இப்போது அதை அழிக்கலாமா, வைக்க வேண்டுமா? அதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்." இன்னொன்றும் எழுதியிருந்தாள். அதை உடனே சொல்ல எனக்குத் தெம்பில்லை. கொஞ்சம் பொறு.

பதினாறு வருடத்துக்கு முன்னால் பதுளைப் பக்கம் கரண்டு போதவில்லை. மலைக்கு மலை இரும்புக் கோபுரம் நட்டு, புதிதாக ஒரு பெரிய மின்கம்பியை இழுத்துவர வேண்டும் என்று வழி பார்க்க வந்தார்கள். பூனாகலைப் பக்கத்து நம் தோட்டத்தில் நீ தேயிலை அரைக்கும் ஸ்டோரில் இருந்தாய். மலையில் மண்ணைக் கிளறி முள்ளுக் குத்திக்கொண்டிருந்த என்னைச் சர்வேக்காரர்கள் கூலிக்கு எடுத்தார்கள். முதலில் அவர்களுடைய அளவுக் கருவி நிற்கும் முக்காலியைச் சுமந்தேன். பிறகு பார்வைக்கு மறைக்கும் கிளைகளை வெட்டினேன். எட்டாம் வகுப்பு வரை படித்தவன், எழுத்தும் குண்டு குண்டாக இருக்கும் என்று தெரிந்ததும் சிங்களவரான சர்வேயர் மாத்தயா என் கையில் சிவப்புப் பெயிண்ட் டின்னையும் பிரஷ்ஷையும் கொடுத்தார். ஒரு காக்கிச் சட்டையும் கிடைத்தது. அதைப் போட்ட நாளிலிருந்து எனக்குத் தலைகால் புரியவில்லை. அது உனக்குத் தெரியும்.

வரைபடத்தில் இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று ஓடையை ஒட்டி, நாம் குடியிருந்த லயங்களின் வரிசைக் கூரைக்கு மேலாக வரும். இன்னொன்று ஆளில்லாத புல்மலையின் முதுகில் ஏறிப் போகும். அது தூரமும் கூட, காற்றும் கூட. கீழ்வழியில் கம்பிக்கு அடியில் வரக்கூடிய ஒவ்வொரு வீட்டுக் காம்பராவின் சுவரிலும் ஒரு எண் போட்டு, அதே எண்ணைப் புத்தகத்தில் குறிக்க வேண்டும். குடியிருப்பவர்கள் எத்தனை வீடு என்று பார்த்துத்தான் வழியை முடிவு செய்வார்கள். எண்கள் அதிகமாக வந்தால் கம்பியை மலைப்பக்கம் தள்ளிவிடுவார்கள். மாத்தயா இதைச் சிங்களமும் தமிழும் கலந்து எனக்கு விளக்கினார். கடைசியில் உதட்டில் விரலை வைத்து, "பாதை முடிவாகும் மட்டும் ஒருத்தருக்கும் சொல்ல வேணாம், ஹொந்தய்? சரிதானே?" என்றார். தெரிந்தால் ஆட்கள் அளவுக் கம்புகளைப் பிடுங்குவார்கள், நட்டஈடு கேட்கப் புதிதாகக் குடிசை போடுவார்கள் என்று அவருக்குப் பயம். பயந்தது நியாயம்தான். நான்தான் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டேன்.

உன் லயத்துக்கு எண் போட வந்த அன்று நீ ஸ்டோரில் இருந்தாய். தங்கச்சி, உன் வீட்டுக்காரி, எனக்குப் பாலில்லாச் சாயத்தண்ணியும் ஒரு துண்டு கருப்பட்டியும் கொடுத்தது. செல்வி என் காலைக் கட்டிக்கொண்டு நின்றாள். உன் லயத்தின் பத்துக் காம்பராவில் மற்ற ஒன்பதுக்கும் வெறும் எண்தான். உன்னுடையது இருபத்தேழு. எழுதிவிட்டு எட்டி நின்று பார்த்தேன். நம்ம கூட்டாளி வீடாயிற்றே, கொஞ்சம் அழகாக இருக்கட்டும் என்று தோன்றியது. பஸ்ஸில் போட்டிருப்பார்களே, அந்த மாதிரி சுற்றி ஒரு வட்டம் போட்டேன். செல்வி கைதட்டினாள். அவ்வளவுதான் மச்சான். அந்த வட்டத்துக்கு வேறு ஒரு காரணமும் கிடையாது.

அன்று சாயந்தரம் மலைத்தண்ணீர் விழும் பீலியடியில் குளிக்கப் போனேன். குடத்தோடு நின்ற பெண்களுக்கு முன்னால் நீ சத்தம் போட்டாய்: "ஒதுங்குங்கடியம்மா, ஒதுங்குங்க! பெயிண்டுத் தொரை குளிக்க வர்றாரு!" எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. பெண்கள் குடங்களை எடுத்துக்கொண்டு போன பிறகு நீ பக்கத்தில் வந்தாய். குரல் இறங்கியிருந்தது.

"மச்சான், அந்த நம்பரு என்னாத்துக்குடா?"

"கவர்மெண்டு விசயம். வெளிய சொல்லக்கூடாது."

"எனக்குமா?"

"ஒனக்குந்தான்."

"சரி, ஒண்ணுஞ் சொல்ல வேணாம். நல்லதா கெட்டதா, அத மட்டுஞ் சொல்லிரு."

"போடா, பெயிண்டுத் தொரைகிட்ட என்னா பேச்சு ஒனக்கு?" என்று சொல்லிவிட்டுத் தலையைத் தண்ணீருக்குள் கொடுத்தேன். நிமிர்ந்தபோது நீ போய்விட்டிருந்தாய். நல்லது என்று ஒரு வார்த்தை. அதைச் சொல்லியிருந்தால் எந்த மாத்தயா என் சட்டையைக் கழற்றியிருப்பார்? நீ கேலி செய்ததற்குப் பழிவாங்கிவிட்டேன் என்று அன்று சந்தோஷமாகச் சாப்பிட்டேன், மச்சான்.

நீ ஏன் கேட்டாய் என்று நான் யோசித்திருக்க வேண்டும். அதற்கு முந்தின வருடம்தான் பக்கத்துத் தோட்டத்தை அளக்க ஆட்கள் வந்தார்கள். இதே மாதிரி முக்காலி, இதே சிவப்புப் பெயிண்ட், கதவுக்குக் கதவு எண். அவர்கள் போய்ச் சில மாதத்தில் காணியைப் பங்கு போட்டு வேறு ஆட்களுக்குக் கொடுத்துவிட்டார்கள். எண் போட்ட லயத்துச் சனமெல்லாம் சட்டி பானையோடு ரோட்டோரம் உட்கார்ந்திருந்தது. அதில் ஒரு குடும்பத்தை நீதான் கூட்டிவந்து உன் காம்பராவில் வைத்திருந்தாய். அந்தக் கிழவர் சோற்றைப் பிசைந்துகொண்டே, "அளக்க வந்தா அம்புட்டுத்தான் தம்பி, அன்னைக்கே கெளம்பிரணும்" என்று சொன்னார். நானும் பக்கத்தில்தான் உட்கார்ந்து சாப்பிட்டேன். கேட்டது உன் காதில் ஏறியது. என் காதில் ஏறவில்லை.

எங்கள் சர்வே முகாம் லுணுகலைப் பக்கம் போய்விட்டது. மூன்று மாதம் கழித்துத் திரும்பி வந்து, பண்டாரவளையில் நாம் வழக்கமாகச் சாமான் வாங்கும் முஸ்லிம் நானாவின் கடையில் பீடி வாங்கினேன். "ஒங்கட கூட்டாளி இந்தியாவுக்கு எழுதிக் குடுத்திட்டாராமே, தெரியாதா ஒங்களுக்கு?" என்றார் நானா. "தகரப் பொட்டி வெல கேட்டுட்டுப் போனார்." நான் சிரித்தேன். நீயாவது, இந்தியாவாவது! தோட்டத்துச் சனம் எந்த நாடு என்று எழுதிக் கொடுக்க வேண்டும் என்று இரண்டு அரசாங்கமும் சொல்லி, உன் லயத்தில் பாதிப் பேர் இந்தியா, இலங்கை என்று தினம் ஒரு முடிவு சொல்லிக்கொண்டிருந்த காலத்தில், "எங்கப்பன பொதச்ச மண்ண விட்டுப்போட்டு நா எங்கடா போறது? இங்கதான் எழுதிக் குடுப்பேன்" என்று சொன்னவன் நீ. இலங்கைப் பிரஜை ஆவதற்கான விண்ணப்பப் பாரத்தை நிரப்பிக்கூட வைத்திருந்தாய். நிரப்பிக் கொடுத்தவனே நான்தான்.

நேராக உன் வீட்டுக்கு வந்தேன். நீ வாசலில் உட்கார்ந்து கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தாய்.

"நெசமாடா?"

"ஆமா."

"ஏன்டா எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல?"

நீ தலையைத் திருப்பிச் சுவரைப் பார்த்தாய். பிறகு என்னைப் பார்த்தாய். "ஒனக்குத் தெரியாததா, மச்சான்?" என்றாய். சிரித்த மாதிரியும் இருந்தது, அழப்போகிற மாதிரியும் இருந்தது.

நான் அதைக் குத்தல் என்று எடுத்துக்கொண்டேன். "ஒம் மூஞ்சியிலயே முழிக்க மாட்டேன்" என்று கத்திவிட்டு இறங்கினேன். கேள், இதுதான் இப்போது என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது: புல்மலை வழிதான் என்று அந்த வாரமே முடிவாகிவிட்டது. உன் முன்னால் நின்று கத்தியபோது அது எனக்குத் தெரியும். கம்பி இந்தப் பக்கம் வராது என்று தெரிந்த வாயோடுதான் உன்னை ஏசினேன். நான் போட்ட எண்ணையும் நீ இந்தியாவுக்குப் போட்ட கையெழுத்தையும் சேர்த்துப் பார்க்க அப்போது எனக்குப் புத்தி வரவில்லை.

பாஸ்போர்ட் வர ஒன்றரை வருடம் ஆனது. அதுவரை நான் உன் லயத்துப் பக்கம் வரவில்லை. நீங்கள் புறப்பட்ட அன்று பண்டாரவளை ஸ்டேஷன் முழுக்க அழுகைச் சத்தம் என்று பிறகு சொன்னார்கள். நான் எல்ல ஊர்ப் பக்கத்து முகாமில் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். ரயில் கூவியது கேட்டது. நிமிர்ந்து பார்க்கவில்லை. வீம்பு. நீ தலைமன்னாரில் கப்பல் ஏறிய பிறகுதான் புல்மலையில் முதல் கோபுரமே எழும்பியது. உன் லயத்தில் அந்த வருடம் போனது நீ ஒருவன்தான். மற்ற ஒன்பது காம்பராவும் இருந்த இடத்திலேயே இருந்தது. அப்போதும் எனக்கு உறைக்கவில்லையே, நான் என்ன மனிதன்!

இனிச் செல்வி எழுதிய மற்றதைச் சொல்கிறேன். அப்படியே எழுதுகிறேன்.

"அப்பா எப்போதும் சொல்வார்: மாமா வாயைத் திறந்தால் அவர் வேலை போய்விடும். அதனால்தான் நம் வீட்டுக்கு மட்டும் வட்டம் போட்டு, இருக்காதே, கிளம்பு என்று எழுதிக் காட்டினார். அவர் காட்டாவிட்டால் நாமும் ரோட்டோரம்தான் உட்கார்ந்திருப்போம். அந்த நன்றியை நீ மறக்கக் கூடாது என்பார்."

நன்றி! அடப்பாவி, எனக்கா நன்றி? பதினாலு வருடம் நீ என்னைச் சபித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். கூடலூர் மலையில் வாடைக்காற்றில் வீடு கட்டி, கதவுப் பக்கத்தில் அந்த வட்டத்தை வரைந்து, அதைப் பார்த்துப் பார்த்து என்னை வாழ்த்திக்கொண்டிருந்தாயா? நான் உன் பெயரை யாராவது எடுத்தால் எழுந்து போய்க்கொண்டிருந்தேன், மச்சான். சொல்லாமல் ஓடியவன் என்று ஊர் முழுக்க உன்னைப் பேசினேன்.

புதன்கிழமை உன் லயத்துக்கு ஏறிப் போனேன். எத்தனையோ தடவை வெள்ளை அடித்தும் இருபத்தேழு மங்கலாகத் தெரிகிறது. வட்டத்தில் பாதி போய்விட்டது. உன் காம்பராவில் இப்போது இருக்கும் பெண் கைப்பிள்ளையோடு வெளியே வந்து, "யாரத் தேடுறீங்க?" என்றது. "யாருமில்லம்மா, முந்தி நமக்குத் தெரிஞ்சவங்க இருந்தாங்க" என்றேன். உள்ளே குப்பி விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மேலே புல்மலையில் கோபுரங்கள் வரிசையாக நின்றன. இத்தனை வருடத்தில் அந்தக் கம்பியால் இந்த லயத்தில் ஒரு தகரம் அசையவில்லை.

செல்விக்கு மூன்று தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். "ஆமாம்மா, உங்களை எச்சரிக்கத்தான் வட்டம் போட்டேன்" என்று எழுதினால் உன் பிள்ளை என்னைக் கும்பிடும். பேனா ஓட மறுக்கிறது. பொய்யாக வரும் அந்தக் கும்பிடு எனக்கு வேண்டாம். நடந்ததைத்தான் எழுதப் போகிறேன். வெள்ளை அடிக்கும்போது அதை அழிக்க வேண்டாம் என்றும் எழுதுவேன். அதற்கு முன்னால் உனக்குச் சொல்லிவிட வேண்டும். பீலியடியில் கேட்டது நீதானே. அன்று சொல்லாத பதில் இன்னும் பாக்கி நிற்கிறது.

நல்லதுதான், மச்சான். இங்கே ஆட்கள் குடியிருக்கிறார்கள், கம்பியை வேறு பக்கம் கொண்டுபோங்கள். அந்த எண் சொன்னது அவ்வளவுதான்.