பாப்பாவை மட்டும் காட்டு

கொல்லிமலை
கார்த்திகை 12

அன்பு மகன் தனபாலுக்கு அம்மா எழுதிக்கொள்வது. நீ சோற்றுக்கும் தூக்கத்துக்கும் குறைவில்லாமல் இருக்க வேண்டும் என்று நம் குலசாமியைக் கும்பிட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். இங்கே நானும் உன் அப்பாவும் பாப்பாவும் சுகம். உன் பெண்டாட்டி கோகிலா சுகமில்லை, அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லலாம் என்றால் நான் பேச்சை எடுத்ததுமே சிக்னல் இல்லையம்மா என்று வைத்துவிடுகிறாய், சத்தீஸ்கர் காட்டுக்குள் நீ கிணற்றுக்குப் போர் போடுகிற இடத்தில் பாப்பாவைப் பார்க்க மட்டும் சிக்னல் வருகிறது, அம்மா வாயைத் திறந்தால் போய்விடுகிறது. கடிதத்தை அப்படி வைக்க முடியாது. பக்கத்து வீட்டு அருள் லீவு முடிந்து வெள்ளிக்கிழமை உன் ரிக் வண்டிக்கே திரும்புகிறான், அவனிடம் கொடுத்துவிடுகிறேன். எட்டாவதோடு நின்றவள் எழுத்து, கோணலாகத்தான் இருக்கும், பொறுத்துப் படி.

சாமை அறுத்தாயிற்று. மிளகுக் கொடியில் இந்த வருடம் காய் பரவாயில்லை. அப்பாவுக்கு முழங்கால் வலி, ஆனாலும் கொடி ஏறாதே என்றால் கேட்பதில்லை. பாப்பா கீர்த்தனா குப்புற விழுந்து தலையைத் தூக்குகிறாள், கையில் எது சிக்கினாலும் பிடித்து இழுக்கிறாள். ஐப்பசி பிறந்த புதிதில் ஒரு நாள் பால் குடிக்கும்போது தாயின் முடியைப் பிடித்தாள், விரலைப் பிரித்துப் பார்த்தால் உள்ளங்கை நிறைய முடி. அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. அதற்கு முன்பே சீப்பிலும் தலையணையிலும் கொட்டியதைக் கோகிலா சுருட்டிச் சுருட்டி அடுப்பில் போட்டு மறைத்திருக்கிறாள். நெற்றி ஓரம் இரண்டு பக்கமும் தோல் தெரிந்தது. நான் அதைப் புழுவெட்டு என்று முடிவு கட்டிவிட்டேன். புழுவெட்டுக்கு நாம் என்ன செய்வோம் என்று உனக்குத் தெரியும், சின்ன வெங்காயமும் மிளகும் உப்பும் அரைத்துத் தோல் சிவக்கத் தேய்ப்போம். நம் கொடியில் பறித்த மிளகு, காரத்தைச் சொல்ல வேண்டுமா. நான்கு நாள் காலையும் மாலையும் தேய்த்தேன். எரியுதுங்க அத்தை என்றாள், எரிஞ்சாத்தான் கண்ணு புழு சாகும் என்று இன்னும் அழுத்தினேன். ஐந்தாம் நாள் கொப்புளம் கிளம்பி நீர் வடிந்தது. அந்தப் புண்ணோடுதான் ஞாயிற்றுக்கிழமை உன் முன்னால் வீடியோவில் உட்கார்ந்தாள்.

நீ சொன்னதை நான் அடுப்படியில் நின்று கேட்டேன் தனபால். என்ன புள்ள இது மொட்டச்சியாட்டம், பாப்பாவ மட்டும் காட்டு என்றாய். அவள் போனைப் பாப்பா பக்கம் திருப்பிப் பிடித்தாள். அன்றிலிருந்து வாரா வாரம் அப்படியேதான் பிடிக்கிறாள், நீயும் ஒரு நாளாவது உன் முகத்தைக் காட்டு என்று அவளிடம் கேட்கவில்லை. மறுநாள் காலையில் துணிப்பையும் கையுமாக நின்றாள், பைல் நாட்டில எங்க அப்பா ஊட்ல கொண்டு போய் உட்ருங்க அத்தை என்றாள். பையை நான் பிடுங்கி உள்ளே வைத்துவிட்டு, அவளையும் பாப்பாவையும் கூட்டிக்கொண்டு காரவள்ளி வழியாக நாமக்கல் பஸ் ஏறினேன். வளைவுக்கு வளைவு வாந்தி எடுத்துக்கொண்டே வந்தாள்.

தோல் டாக்டரம்மா ஒருவர் பார்த்தார். நாலு முடியை மெதுவாக இழுத்து வேரைப் பார்த்துவிட்டு, இது புழுவெட்டே இல்லீங்கம்மா, மிளகுதான் புண்ணாக்கியிருக்குது என்றார். வயிற்றில் பிள்ளை இருக்கும்போது உதிர வேண்டிய முடி உதிராமல் நின்றுவிடுமாம், பிரசவமாகி மூன்று நான்கு மாதத்தில் நின்றதெல்லாம் சேர்ந்து கொட்டுமாம். பெரிய காய்ச்சலில் கிடந்தவர்களுக்கும், சாப்பாடு குறைந்து இளைத்தவர்களுக்கும், மனசு உடைந்தவர்களுக்கும் இப்படிக் கொட்டுவதுண்டாம். வேர் சாகவில்லை, பாப்பாவுக்கு ஒரு வயது ஆகும்போது பெரும்பாலும் முளைத்துவிடும் என்றார். தைராய்டு பார்த்தார்கள், குறை இல்லை. ரத்தம்தான் எட்டு, பன்னிரண்டு இருக்க வேண்டுமாம். என்ன சாப்பிட்டாள் என்று கேட்டார். பத்தியம் என்று மூன்று மாதம் ரசமும் பூண்டும் சோறும்தான் போட்டேன், கீரை குளிர்ச்சி, முட்டை ஆகாது, நர்சம்மா கொடுத்த சத்து மாத்திரை சூடு என்று அதையும் நான்தான் நிறுத்தி வைத்தேன். அத்தனையையும் அவரிடம் ஒப்புக்கொண்டேன். பிறகு டாக்டரம்மா அவளிடம், ஊட்ல யாராச்சும் ஏதாச்சும் சொல்றாங்களா கண்ணு என்று கேட்டார். இல்லீங்க, எல்லாரும் நல்லாப் பாத்துக்கறாங்க என்றாள். என்னையும் காட்டிக் கொடுக்கவில்லை, உன்னையும் காட்டிக் கொடுக்கவில்லை. அந்த இடத்திலேயே எனக்கு உயிர் போனால் தேவலை என்றிருந்தது.

இப்போது மாத்திரையை எலுமிச்சைச் சாற்றோடு விழுங்குகிறாள், அதையொட்டி டீ காப்பி கூடாது. முட்டை, முருங்கைக் கீரை, ராகிக் களி, ஞாயிறு என்றால் ஈரல். தலையை இறுக்கிப் பின்னாமல் தளர்த்தி முடிகிறாள். புண்ணுக்குக் களிம்பு கொடுத்தார்கள், ஆறிவிட்டது. முடி இன்னும் கொட்டத்தான் செய்கிறது, மாத்திரை போட்ட மறுநாளே நிற்காது, பொறுக்க வேண்டும் என்றார்கள். நீ அருளிடம் கொடுத்தனுப்பிய எண்ணெய்ப் பாட்டிலைப் பிரிக்கவில்லை, முழங்கால் வரை முடி தொங்குகிற பெண் படம் போட்டதைப் பார்த்ததும் கோகிலா எழுந்து வெளியே போய்விட்டாள். டாக்டரம்மாவிடம் போனில் கேட்டேன், இந்தக் கொட்டலுக்கு எந்த எண்ணெயும் வேண்டியதில்லை என்றார். பாட்டிலைத் திருப்பி அனுப்புகிறேன், வண்டியில் எதற்காவது தடவிக்கொள். சீக்குக்காரியக் கட்டி வச்சுட்டாங்க என்று அங்கே எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிகிறாயாம். அருள் சொல்லமாட்டேன் என்றான், நான்தான் சத்தியம் வாங்கிக் கேட்டேன், அவனோடு சண்டைக்குப் போகாதே. உன் அப்பாவுக்கு முப்பது வயதில் முன்தலை வழுக்கை, நான் ஒரு நாள் முகம் சுளித்ததில்லை. உனக்கும் நெற்றி ஏறிக்கொண்டே போகிறது, வீடியோவில் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். அதையும் டாக்டரம்மாவிடம் கேட்டேன். அவளுக்குப் போனது திரும்பி வரும், அப்பா வழியில் உனக்குப் போவது தானாக முளைத்து வராதாம். நான் பெற்ற பிள்ளைக்கு இப்படி எழுத எனக்கு நன்றாகவா இருக்கிறது? உன்னை இப்படியா வளர்த்தேன் என்று நினைத்தால் சோறு இறங்கவில்லை.

தை மாதம் பாப்பாவுக்குக் குலசாமி கோயிலில் முதல் மொட்டை. தாய்மாமன் மடியில் உட்கார வைத்து முடி இறக்குவார்கள், அந்த மொட்டைத் தலைக்குச் சந்தனம் பூசி எல்லோரும் முத்தம் கொடுப்பீர்கள், நீயும் கொடுப்பாய். அதுவும் பெண் பிள்ளைதான், நாளைக்கு அவளும் ஒரு பிள்ளை பெறுவாள், அவளுக்கும் கொட்டலாம். அதையும் நினைத்துக்கொள். அதுவரைக்கும் இருக்கறேனுங்க அத்தை என்று கோகிலா எனக்கு வாக்குக் கொடுத்திருக்கிறாள். நீ வந்து அவள் முகத்தைப் பார்த்துப் பேசினால் இருப்பாள். வரவில்லை என்றால் பாப்பாவோடு பைல் நாட்டுக்குப் போவாள், நான் தடுக்கமாட்டேன், அன்றைக்குப் பிடுங்கி வைத்த பையை நானே தூக்கிக்கொண்டு போய் பஸ் ஏற்றிவிடுவேன்.

இன்னொன்று. கோகிலா தலையில் அந்தக் கொப்புளத்தைப் பார்த்த அன்று, பிள்ளை தலை ஆறட்டும், என் முடியைத் தருகிறேன் சாமி என்று வேண்டிக்கொண்டேன். போன வெள்ளிக்கிழமை கொடுத்துவிட்டேன். நான் உயிரோடு இருக்கும்போது மொட்டை போடுவாயா என்று உன் அப்பா கேட்டார், சாமிக்கு நேர்ந்ததற்கு உங்களைக் கேட்கணுமா என்றேன். கோகிலாதான் ஈரத் துணியால் தலையைத் துடைத்துவிட்டாள், துடைக்கத் துடைக்க அழுதாள்.

மழை காலம், ராத்திரி நனையாதே. போர் போடும்போது குழிப் பக்கம் ஜாக்கிரதை. குலசாமி உனக்கு நல்ல உடம்பும் நல்ல புத்தியும் கொடுக்கட்டும். வருகிற ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுவாய் அல்லவா, போனை நான்தான் எடுப்பேன். முதலில் என் மொட்டைத் தலையைப் பார்க்க வேண்டும். முகத்தைத் திருப்பாமல் பார்த்தாயானால் போனைக் கோகிலாவிடம் கொடுக்கிறேன். அதற்கப்புறம்தான் பாப்பா.

இப்படிக்கு,
உன்னைப் பெற்ற அம்மா
அ. பெருமாயி