மூன்று முறை கேட்டார்கள்

சுரபாயா,
ஞாயிற்றுக்கிழமை இரவு

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் மகள் வெனிங் ஸலாம் சொல்லி எழுதுவது. நான் நலமாக இருக்கிறேன். தைவானில், உங்கள் தைச்சுங்கில் குளிர் விட்டதா? நீங்கள் பார்த்துக்கொள்ளும் பெரியவர் இப்போதாவது அடம்பிடிக்காமல் சாப்பிடுகிறாரா? முழங்காலுக்குத் தைலம் அனுப்பியிருக்கிறேன். படுக்கும் முன் தேய்த்துக்கொள்ளுங்கள்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். போனில் உங்கள் குரலைக் கேட்டதும் எனக்கு "உம்" என்பதைத் தவிர ஒன்றும் வருவதில்லை. கோடி வீட்டு நூனிங் அக்கா வியாழக்கிழமை தைச்சுங்குக்குத் திரும்புகிறாள். அவள் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். எட்டாவதோடு நின்றவள் எழுத்து, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன மாதம் நூனிங் அக்கா வீட்டு அடுப்படி எரிந்தது உங்களுக்குத் தெரியும். தீயணைப்பு வண்டி சந்து முனையிலேயே நின்றுவிட்டது. குழாய் பாதி தூரம்தான் எட்டியது. மீதித் தூரத்துக்கு நாங்கள் வாளியில் கைமாற்றி ஊற்றினோம். அதற்குப் பிறகுதான் இந்தப் பேச்சு கிளம்பியது. வண்டி உள்ளே வரும்படி சந்தை அகலமாக்க, இருபத்து மூன்று வீடும் முகப்பில் ஒரு மீட்டர் விட வேண்டும் என்றார்கள்.

நீங்கள் வெள்ளிக்கிழமை போனில் என்னிடம் சொன்னீர்கள். ஒரு சாண்கூட விடாதே, வாயைத் திறந்து சம்மதமில்லை என்று ஒரே ஒரு வார்த்தை சொல், போதும் என்று. நானும் சரி என்றேன். இபு ரத்மியின் சலவைக் கடையில் சட்டை தேய்க்கும்போதெல்லாம் அந்த வார்த்தையைச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

இன்று காலை எல்லோரும் சேர்ந்து சாக்கடை அள்ளி முடித்ததும், தொழுகைக் கூடத்து முற்றத்தில் பாய் விரித்தார்கள். வேகவைத்த கடலையும் காப்பியும் வந்தன. நான் பெண்களுக்குப் பின்னால் கடைசியில் உட்கார்ந்தேன்.

முதலில் இபு ரத்மிதான் பிடித்துக்கொண்டார். "தீயணைப்பு வண்டி வருஷத்துக்கு ஒருதரம் வரும். பைக்குக்காரன் தினம் பறப்பான். இப்ப நம்ம சந்துல இறங்கித் தள்ளிக்கிட்டுப் போறான், பிள்ளைங்க ஓடி விளையாடுது. நாளைக்கு அதுங்க காலுக்கு யாரு பொறுப்பு?" என்றார். அவர் சொன்னதும் நியாயம்தான், அம்மா. அதற்கு இறைச்சி உருண்டை சூப் விற்கும் பாக் துகிஜான், "நாலு தூங்குற போலீஸைக் குறுக்க படுக்க வைப்போம். எவன் பறக்கிறான்னு பாக்கலாம்" என்றார். வேகத்தடையைச் சொல்கிறார் என்று தெரிந்தும் இபு ரத்மி விடவில்லை. "நிஜப் போலீஸே இங்க தூங்கிட்டுத்தான் இருக்கு. முதல்ல உங்க வயித்தைக் குறுக்குங்க, சந்து தானா அகலமாகும்" என்றார். முற்றமே சிரித்தது. கடைசியில் வேகத்தடை கட்டாயம் என்று எழுதிக்கொண்ட பிறகுதான் அவர் அடங்கினார்.

பிறகு சந்துத் தலைவர் பாக் ஹர்ஜோ எழுந்து நின்றார். நம் சந்தில் கை தூக்கி எண்ணும் வழக்கம் இல்லையே. ஒரு வீடு மறுத்தாலும் பேச்சு தள்ளிப்போகும். யாரும் பேசாவிட்டால் சம்மதம். "மறுப்பு இருக்கா?" என்று ஒரு முறை கேட்டார். இரண்டாம் முறை கேட்டார். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நீங்கள் இபு ரத்மிக்கும் போன் செய்திருந்தீர்கள் போல. "சொல்லு பொண்ணு, உங்கம்மா சொன்னதைச் சொல்லு" என்று அவர் என் தொடையைக் கிள்ளினார். நான் மடியில் கிடந்த கடலைத் தோலையே பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் முறையும் கேட்டுவிட்டு, பாக் ஹர்ஜோ முடிவாகிவிட்டது என்று தரையில் தட்டினார்.

பாவம், கூச்சப்படுகிற பெண், இவளைப்போய் அனுப்பினார்களே என்று பேசிக்கொண்டார்கள். பாக் ஹர்ஜோ வீட்டு வாசல்வரை என்னோடு வந்தார். "வெட்கத்துல வாயடைச்சுப் போச்சுன்னா இப்ப என் காதுல சொல்லு. திரும்பப் போய் நிறுத்திடறேன்" என்றார். அவர் நல்லவர். நான், "இல்லை பாக்" என்றேன். இன்றைக்கு நான் வாய் திறந்து பேசியது அவ்வளவுதான்.

அது கூச்சம் இல்லை, அம்மா.

அப்பா போனபோது, வலி வந்த உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம், ஒன்றும் செய்ய முடியவில்லை என்று உங்களிடம் சொன்னேன். அது உண்மை இல்லை. நீங்கள் அவ்வளவு தூரத்தில் தனியாக அழுதுகொண்டிருந்தீர்கள், அதனால் அப்படிச் சொன்னேன். ஆம்புலன்ஸ் சீக்கிரம்தான் வந்தது. சந்து முனையில் நின்றது. ஸ்ட்ரெச்சர் இபு ரத்மி வீட்டுத் திருப்பத்தில் திரும்பவில்லை. சாய்த்துப் பார்த்தார்கள், நிமிர்த்திப் பார்த்தார்கள். பிறகு அதை அங்கேயே விட்டு வீட்டுக்கு வந்து, அப்பாவைக் கைலியில் கிடத்தி நான்கு பேர் தூக்கினார்கள். அந்தத் திருப்பத்தில் இரண்டு பேர் சேர்ந்து நடக்க முடியாது. அங்கே அப்பாவைத் தரையில் இறக்கி வைத்தார்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். வண்டிக்கு வந்து சேர்ந்தபோது அந்தக் கை என் கையைப் பிடித்திருக்கவில்லை.

நம் வாசலைத் தாண்டும்போது அவர் தூக்கியவர்களிடம், "ஓடு, ஓடு, பாத்து மிதிங்க" என்றார். அதுதான் கடைசியாகப் பேசியது.

முகப்புத் தரையின் அந்தப் பச்சை ஓடுகள் நீங்கள் வாங்கியவை, அவர் தன் கையால் பதித்தவை. நீங்கள் திரும்பி வந்து, கீரையில் கடலைச் சட்னி ஊற்றிப் பெசெல் விற்கக் கடை போட நினைத்த இடம் அது என்பதை நான் மறக்கவில்லை. மத்தியானம் பாக் துகிஜான் உளி கொண்டுவந்து, உடையாமல் பெயர்க்கக் கற்றுத் தந்தார். கடைசி வரிசை, அப்பா கோணலாகப் பதித்து நீங்கள் கேலி செய்வீர்களே, அதை முழுசாக எடுத்துவிட்டேன். ஒன்றில் மட்டும் மூலை உடைந்தது. உள் அறை ஜன்னலை அளந்து பார்த்தேன். உரலையும் கீரைத் தட்டையும் அங்கே வைக்கலாம். கீழே ஓடுகளை அதே கோணலோடு பதிக்கச் சொல்கிறேன்.

வீடு உங்கள் பெயரில் இருப்பதால் என் மௌனம் மட்டும் போதாதாம். இதனுடன் ஒரு தாள் வைத்திருக்கிறேன். நோன்பு மாதம் முடிந்ததும் இடிப்பார்கள். அதற்குள் உங்கள் கையெழுத்து வேண்டும்.

உங்களுக்குக் கோபம் வரும். வரட்டும், திட்டுங்கள். நூனிங் அக்காவிடம் சொல்லியனுப்பித் திட்டுங்கள், போனில் திட்டுங்கள், நான் "உம்" போடாமல் கேட்கிறேன். வேண்டாம் என்றால் வேண்டாம் என்று எழுதுங்கள். பேசாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள், அம்மா. நம் சந்தில் அதற்கு வேறு அர்த்தம்.

அல்லாஹ் உங்களைப் பத்திரமாக வைத்திருக்கட்டும். திரும்பி வரும்போது வண்டியை முனையில் நிறுத்தாதீர்கள். வாசல்வரை வரச் சொல்லுங்கள்.

உங்கள் மகள்,
வெனிங்