கள்வருக்கு முன்வாசல்

நவம்பர் 4, செவ்வாய்

மழை. பேஸ்மென்ற் யன்னலைப் பாதிக்கு இலைகள் மூடிவிட்டன. அள்ள வேண்டும்.

அடுத்த தெருவில் நேற்று விடிய மூன்று பேர் கதவை உடைத்து நுழைந்திருக்கிறார்கள். கார்த் திறப்பை (சாவியை)க் கேட்டு, தூக்கத்தில் எழுந்து வந்தவரின் வாயில் சுத்தியலால் அடித்தார்களாம். முன்பற்கள் போய்விட்டன. கொண்டுபோனது கறுப்புக் கார், பெரியது. மேலே இருக்கும் என் வீட்டுக்காரர் சிவநேசன் அண்ணையிடம் (இனி சி.) செய்தியைச் சொன்னேன். பல்லைப் பற்றி அவர் கேட்கவில்லை.

"எந்த மொடலாம்?"

அவரிடமும் அதே கார். அதே கறுப்பு.

அமெரிக்கக் கனவு என்று பெரிய பேரெல்லாம் இங்கே யாரும் சொல்வதில்லை. 'செற்றில் ஆகுறது' என்பார்கள். அமெரிக்க எல்லைக்கு வடக்கே, எங்கள் மோர்னிங்சைட்டில் செற்றில் ஆவதற்கு வேண்டியவை:

தனி வீடு.
முன்னால் கறுப்புக் கார்.
கீழே வாடகைக்கு ஒருவர் (நான்).
கராஜுக்குள் இரண்டாவது குசினி.

கடைசியானது முக்கியம். உள்ளே இருக்கும் பளிங்குக் குசினியில் தேநீர் மட்டும். மீன் பொரிப்பதெல்லாம் கராஜில், வீடு மணக்கக் கூடாதே. ஆகவே காருக்கு அங்கே இடமில்லை. இறால் கூரைக்குக் கீழே, கார் மழையில்.

நவம்பர் 6, வியாழன்

மிசிசாகாவில் வேலை முடிந்து வர இருட்டிவிட்டது. நேரே தெருக் கூட்டத்துக்கு. பயந்த முகங்கள், நல்ல சமோசா. ஒருவர் எழுந்து யோசனை சொன்னார்: திறப்பை முன்கதவுக்குப் பக்கத்தில் வையுங்கள், எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள், அடி மிச்சம். எல்லோரும் தலையாட்டினார்கள்.

சி. வீட்டுக்கு வந்ததும் பித்தளைத் தட்டில் திறப்பை வைத்து, முன்கதவருகே ஸ்டூலில் வைத்தார். கற்பூரம்தான் குறை. பிறகு காரின் பின்பக்கத்திலிருந்து ஒரு பேஸ்போல் மட்டையை எடுத்தார். புதுசு. பந்து வாங்கவில்லை.

"திறப்பை வைச்சாச்சே, பிறகு மட்டை எதுக்கு அண்ணை?"

"திறப்பு அவங்களுக்கு. மட்டை எனக்கு."

கராஜில் சி.யின் மனைவி வசந்தி அக்கா எனக்கும் ஒரு துண்டு மீன் போட்டார். நியூ ஜெர்சியிலிருந்து அவருடைய தம்பி குகன், போனில், ஸ்பீக்கரில்:

"அத்தான், உங்கட நாட்டிலை கள்ளனுக்குத் தட்டிலை வைச்சுக் குடுக்கிறியளாம். இஞ்சை என்ரை வளவுக்கை ஆரும் கால் வைக்கட்டும், சுட்டுப்போட்டுத்தான் பேர் கேப்பன்."

"ஓம் ஓம்."

"மட்டை வாங்கினியளாம்? மெல்லிசுப் பக்கத்தைப் பிடிக்கோணும், சொல்லிப்போட்டன்."

அக்கா சிரித்தார். நானும். சி. சிரிக்கவில்லை. குகனின் கராஜில் மூன்று கார் நிற்கும். ஒவ்வொரு அழைப்பிலும் அந்தக் கராஜ் ஒருமுறையாவது வரும்.

"வாய்தான் அவனுக்கு," என்றார் அக்கா, போனை வைத்தபின். "மூத்த ரெண்டு பேரும் ஊரிலை யுத்தத்திலை செத்துப்போட்டினம். எனக்கு மிஞ்சினது உவன் ஒருத்தன்."

நவம்பர் 8, சனி

இலை அள்ளினேன். முதுகு வலி.

பின்வளவில் சி. பயிற்சி. ஹலோவீனுக்குச் செதுக்கிய பூசணிக்காயை மேசையில் வைத்து மட்டையால் ஒரே போடு. வேலிவரை சதை. பல் செதுக்கிய வாய் மட்டும் முழுசாய் என் காலடியில் விழுந்தது.

"கறியாவது வைச்சிருக்கலாம்," என்றார் அக்கா.

சி. மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார். இந்த வீட்டுக்கு நான் வந்த நாள்முதல் அவரை இவ்வளவு மகிழ்ச்சியாய்ப் பார்த்ததில்லை.

இந்த வீட்டுக்கு உறவினர் யாரும் முன்கதவால் வருவதில்லை. கராஜின் பக்கக் கதவு, இலக்கப் பூட்டு. இலக்கம் அமெரிக்காவரை தெரியும். முன்கதவு தபால்காரருக்கு. இப்போது கள்வருக்கும்.

நவம்பர் 9, ஞாயிறு

முதல் பனி. வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

விடிகிற நேரம். என் கட்டில் கராஜ் சுவரோடு. பக்கக் கதவு திறந்தது. ஓர் அடி. சட்டி விழுந்து உருண்டது. பிறகு குரல், தெளிவாக:

"அத்தான், நான்தான்! குகன்!"

பிறகும் ஓர் அடி. பிறகும்.

மேலே ஓடினேன். காஸ் அடுப்புக்கும் பிரிட்ஜுக்கும் நடுவில் குகன். இடக்கண் இருந்த இடத்தில் இரத்தம். நசுங்கிய கேக் பெட்டி. அக்காவுக்கு இன்று பிறந்தநாள். சொல்லாமல் வந்து நிற்க இரவெல்லாம் கார் ஓட்டியிருக்கிறார். சி.யின் மட்டை இன்னும் உயர்ந்தபடி.

அக்கா ஓடி வந்து தம்பியின் தலையை மடியில் தூக்கினார். கை உள்ளே போவதுபோல் இருந்ததாம். அவர் போட்ட சத்தத்தை எழுத மாட்டேன்.

"இருட்டு," என்றார் சி. "ஆளைத் தெரியேல்லை."

கராஜ் லைற் எரிந்துகொண்டிருந்தது. ஆள் நுழைந்தால் தானாக எரியும் லைற். அவரே பொருத்தியது.

ஆஸ்பத்திரியில் சி. சொன்னது: பனியில் சறுக்கிப் படியில் விழுந்துவிட்டார்.

நடைவழியில் அக்கா: "தம்பி, உமக்கு ஏதும் கேட்டதோ? அவன் குரல் குடுக்கேல்லையோ?"

"நான் நித்திரை அக்கா."

மலிவு வாடகை, பாதி யன்னல். எனக்கும் ஒரு கனவு இருக்கிறது.

நவம்பர் 11, செவ்வாய்

பனி கரைந்து சேறு. வேலைக்குப் போகவில்லை. பால் முடிந்துவிட்டது.

குகன் பிழைத்துவிட்டார். இடக்கண் இல்லை. அவரும் சறுக்கி விழுந்ததாகவே சொல்கிறார். அக்காவின் குடும்பத்துக்காக இருக்கும்.

மத்தியானம் மூவரும் ஆஸ்பத்திரியிலிருந்து என் பழைய காரில் திரும்பினோம். பின்சீற்றிலிருந்து அக்கா, யாரையும் பார்க்காமல்:

"இவர் அறைக்கை வர, தம்பி ரெண்டு கையாலையும் தலையைப் பொத்தினவன். சறுக்கி விழுந்தவன் ஏன் தலையைப் பொத்திறான்?"

சி. வானொலியைப் போட்டார்.

வீட்டுக்கு முன்னால் காய்ந்த நீள்சதுரம். கார் இல்லை. முன்கதவு பூட்டுடைந்து, ஆனால் மரியாதையாகச் சாத்தியபடி. தட்டு வெறுமை. கம்பளத்தில் ஒரு துளி சேறில்லை. சப்பாத்தைக் கழற்றிவிட்டு வந்திருப்பார்களோ.

சி. வாசல்படியில் குந்தி வாய்விட்டு அழுதார். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அவர் அழுதது இதுதான் முதல் தடவை. அக்கா நின்று முழுவதையும் பார்த்தார். முகம் துடைக்க ஒரு துவாய்கூட எடுத்துக் கொடுக்கவில்லை.

பொலிஸைக் கூப்பிட்டதும் சி.தான். காருக்காக.

இளம் பொலிஸ்காரர். மேலே எழுதி முடித்து என் அறைக்கு இறங்கினார். கடந்த சில நாட்களில் வித்தியாசமாக ஏதாவது சத்தம் கேட்டதா என்று ஆங்கிலத்தில் கேட்டார். படியில் அவருக்குப் பின்னால் சி.

"உவர் நித்திரைக்காரன்," என்று ஆங்கிலத்தில் சொல்லிச் சிரிக்கப் பார்த்தார். பிறகு தமிழில், என்னிடம்: "தம்பி, வாடகையைப் பற்றி யோசியாதையும்."

அவருக்கும் பின்னால், மேல்படியில், அக்கா.

"கேட்டதைச் சொல்லும்."

பொலிஸ்காரர் கேட்டது காரைப் பற்றி. நான் ஞாயிற்றுக்கிழமையிலிருந்து தொடங்கினேன்.